கழுத்தைத் தாண்டிய விரிசல்

தீயணைப்பு நிலையத்தின் மாடிப்படியில் பாதி ஏறியதும் நெல்டா ஸ்ட்ரிக்லண்டுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. கையில் அட்டை உறைக்குள் ஒரு தங்கக் காசு. தோள்பைக்குள் முன்னால் பிளாஸ்திரி இருந்த பழைய தகர டப்பா. அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவளைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூட.

மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அத்தனை சிரிப்பிலும் ஹாய்ட் பர்டெட்டின் சிரிப்பு தனியாகக் கேட்டது. பிப்ரவரியில் அப்பா கோயைப் புதைத்த அன்றைக்கு, சுட்ட பன்றித்தொடை ஒன்றை முழுசாகத் தட்டில் வைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதும் இதே தொண்டைதான்.

"கோய் நல்லவன்மா. என்ன, மண்டைக்குள்ள ஒண்ணு பூந்துக்கிட்டா வெளிய போகாது அவனுக்கு. மேல போயாவது நிம்மதியா இருக்கட்டும்." பிறகு, வாயில் இருந்ததை மென்றுகொண்டே, "அந்தக் காசை விக்கறதா இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. வெளியாளுங்க ஏமாத்திருவாங்க."

நெல்டா அப்போது அவருக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிறைந்து, தட்டும் நிறைந்து, மேசை விரிப்பில் வழிந்த பிறகுதான் கையை நிறுத்தினாள். ஒரு மனிதனை இவ்வளவு வெறுக்க முடியும் என்று பதினாறு வயதில் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதை நினைத்ததும் கால் தானாக மேலே ஏறியது.

லாரல் கேப் என்கிற அந்த மலையூரில் தங்கக் காசு சேர்க்கிறவர்கள் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் ஒரே பைத்தியம். மலைக்கு அந்தப் பக்கம் டலோனெகாவில் இருந்த பழைய தங்கசாலையில் அடித்த ஐந்து டாலர் காசு. அதிலும் குறையில்லாமல் பளபளவென்று இருக்கிற காசை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உடைந்த அச்சில் அடித்ததுதான் வேண்டும். காசடிக்கிற எஃகு அச்சில் விரிசல் விழுந்தால், அது காசின் மேல் மயிரிழை மாதிரி மேடாக எழும்பி நிற்கும். அந்தக் காலத்தில் மலைக்குள் இருந்த தங்கசாலைக்குப் புது அச்சு வந்து சேர மாதக்கணக்காகும். அதனால் விரிசலோடேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்க அடிக்க விரிசல் நீண்டது. நீண்டது குறையாது. ஆகவே ஒரே அச்சில் பிறந்த காசுகளை எந்தக் காசு மூத்தது, எது இளையது என்று பிள்ளைகளை நிறுத்துவது போல வரிசையாக நிறுத்திவிடலாம்.

இவர்கள் பிடித்துக்கொண்டது 1848ஆம் வருடத்து அச்சு ஒன்றை. காசில் இருக்கிற பெண்ணின் கிரீடத்துக்கு மேலே, விளிம்பில் ஆரம்பிக்கும் விரிசல். முதல் காசுகளில் கூந்தலோடு நின்றுவிடும். பிறகு வந்தவற்றில் காது வரைக்கும். காதுக்குக் கீழே போன காசு ஒன்று இருக்கிறதா, அல்லது அதற்குள் அச்சு இரண்டாகப் பிளந்துவிட்டதா என்று இருபது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்து மாடியில், பச்சைத் துணி விரித்த நீள மேசையில் எல்லாக் காசையும் வரிசை வைப்பார்கள். காசை வைக்கிறவர் எழுந்து நின்று, அது எப்படி வந்தது, யார் யார் கைபட்டது என்று சொல்ல வேண்டும். தபால் நிலையத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற மிஸ் யூலா அதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதுவார். சொன்னவர் கையெழுத்துப் போடுவார். வரிசையில் கடைசிக் காசு, அதாவது விரிசல் மிக நீண்ட காசு, யாருடையதோ அவருக்கு மேசைத் தலைமாட்டில் இருக்கிற கை வைத்த நாற்காலி. பீச் பழப் பலகாரத்தில் முதல் கரண்டியும் அவருக்குத்தான். பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலி ஹாய்ட்டுடையது. காது வரைக்கும் வந்த காசு அவரிடம் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, நெல்டாவின் அப்பா கோய் தன்னுடைய பிக்கப் வண்டியைத் தொலைதூரத்துக் கோழிப்பண்ணைக்காரன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு, அவனிடமிருந்த ஒரே தங்கக் காசை வாங்கிக்கொண்டு பதினோரு மைல் நடந்தே வீட்டுக்கு வந்தார். பண்ணைக்காரனுக்குத் தங்கம் என்றால் தங்கம், அவ்வளவுதான். அப்பா சமையலறை விளக்கடியில் நெல்டாவுக்குக் காசைக் காட்டினார்.

"பாருடி. காதைத் தாண்டிருச்சு. தாடையைத் தாண்டிருச்சு. கழுத்துல குறுக்கால போயி அந்தப் பக்கம் விளிம்பைத் தொட்டுருச்சு. கழுத்தறுத்துட்டாங்கடி அவளை!" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்தது அதுதான் கடைசி.

தங்கத்தின் முகத்தைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மெத்தென்ற உலோகம், தேய்ந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குளிக்கப் போயிருந்தபோது, பன்னிரண்டு வயது நெல்டா, சூயிங் கம் சுற்றி வந்த வெள்ளித்தாளைக் காசின் மேல் வைத்து, பென்சில் ரப்பரால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். முகம் அப்படியே தாளில் எழும்பி வந்தது, விரிசலோடு. அழகாக இருந்தது. ஒளித்து வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அப்பா காசை ஹாய்ட்டிடம் கொண்டுபோனார். ஹாய்ட்டின் கடையில்தான் நல்ல உருப்பெருக்கி இருந்தது. அவர்தான் அப்பாவுக்கு உயிர்த் தோழர். "ரெண்டு நாள் வச்சிட்டுப் போடா, படம் புடிச்சுத் தரேன்" என்றார். புதன்கிழமை காசு திரும்பி வந்தது. விரிசல் தாடையோடு நின்றிருந்தது.

அப்பா சமையலறையில் கத்தினார். "இது என் காசில்ல! விரிசல் எங்கடி போச்சு?"

நெல்டா ரப்பரால் தேய்த்து விரிசலை அழித்ததே தான்தான் என்று நினைத்தாள். பன்னிரண்டு வயது. தங்கம் மெத்தென்றது என்று அவர்தானே சொல்லியிருந்தார். வெள்ளித்தாளைப் பிளாஸ்திரி டப்பாவில் போட்டுத் தரைப்பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு வாயே திறக்கவில்லை.

அந்த ஜூலையில் அப்பா இந்த மாடியில் எழுந்து நின்று, காசை மாற்றிவிட்டான் என்று ஹாய்ட்டின் முகத்துக்கு நேரே சொன்னார். ஹாய்ட் கோபப்படவேயில்லை. "ஏன்டா கோய், தாடை வரைக்கும் வந்த காசை நாம யாராவது பாத்திருக்கோமா? அதுவே உங்கிட்டத்தான் இருக்கு. திருடுறவன் இவ்வளவு நல்ல காசையா திருப்பிக் குடுப்பான்? ராத்திரி எத்தனை கிளாஸ் போட்ட?" என்றார். மாடியே சிரித்தது. குறிப்பேட்டில் அப்பா பெயருக்கு நேரே ஹாய்ட் ஒரு வரி எழுதவைத்தார்: இவர் வாக்கை மட்டும் வைத்து எதையும் ஏற்க வேண்டாம். அப்பா அதற்கப்புறம் படியேறவில்லை. தாடைக் காசை வரிசையில் வைக்கவும் இல்லை. "திருடின காசுக்குப் பதிலாக் குடுத்த காசை நான் வைக்கமாட்டேன்" என்பார்.

பதினான்கு வயதில் நெல்டாவுக்கு உண்மை புரிந்தது. அப்பாவின் சின்ன உருப்பெருக்கியில் வீட்டில் இருந்த காசையும் வெள்ளித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தாளில், பெண்ணின் மூக்குக்கு எதிரே ஊசி குத்தின மாதிரி ஒரு பள்ளம். விளிம்பில் ஒரு வெட்டு. காசில் இரண்டுமே இல்லை. ரப்பர் மேட்டைத் தேய்க்கலாம், பள்ளத்தைத் தூர்க்க முடியாது. இது வேறு காசு. ஹாய்ட் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்த காசாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தாள். சொன்னால் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். பிப்ரவரி வந்துவிட்டது. ஹாய்ட்டை வெறுத்ததில் பாதி அவளுக்கே சேர வேண்டியது. அதையும் அவர் மேலேயே போட்டாள்.

மாடியில் அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மேசையில் பொரித்த கோழி, முட்டை, சோளரொட்டி, பெரிய ஜாடியில் இனிப்புத் தேநீர். பச்சைத் துணியில் காசுகள் ஏற்கெனவே வரிசையில் இருந்தன.

"அடடே, கோய் பொண்ணா!" ஹாய்ட் நாற்காலியில் இருந்தபடியே கையை விரித்தார். "வா பாப்பா, சாப்பிடு. விக்கத்தான வந்த?"

"இல்ல மிஸ்டர் ஹாய்ட். வரிசைல வைக்க வந்தேன்."

"ஸ்ட்ரிக்லண்ட் வாக்குக்குச் சாட்சி வேணுமே. புஸ்தகத்துல இருக்கு, தெரியுமில்ல?"

"எங்கப்பா கைலேருந்து என் கைக்கு வந்த காசு. என் வாக்கை யாரும் நம்ப வேணாம். காசைப் பாத்தாப் போதும்."

மிஸ் யூலா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காசை வாங்கினார். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார். பிறகு ஹாய்ட்டின் காசுக்கு அடுத்ததாக அதை வைத்தார். "தாடை வரைக்கும் வந்திருக்கு. இதுதான் கடைசி."

ஊர்க் கோழிகளுக்கு வைத்தியம் பார்க்கிற வெர்னன் பக்கத்தில் இருந்தவரை இடித்தார். "எந்திரிய்யா ஹாய்ட்டு. பத்தொம்போது வருஷமா ஒக்காந்து அந்த நாற்காலியே உம்ம மாதிரி ஆயிருச்சு. புள்ளை ஒக்காரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாய்ட்டும் சிரித்தார். "அதுக்கென்ன, ஒக்காரட்டுமே" என்று எழுந்து கையைக் காட்டினார். அவர் முகம் சிரித்தது, காது மட்டும் சிவந்திருந்தது. நெல்டா உட்கார்ந்தாள். நாற்காலியில் அவருடைய சூடு இருந்தது. அது உடம்பில் படுவது பிடிக்காமல் விளிம்பில் நகர்ந்துகொண்டாள்.

இனிமேல்தான் கஷ்டம். அடுத்துச் சொல்லப்போகிற வார்த்தையைக் கண்ணாடி முன்னால் நின்று நாற்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அழுகை வந்தது.

"மிஸ் யூலா, இன்னொண்ணும் எழுதிக்குங்க. கழுத்தைத் தாண்டின காசு இருக்குன்னு எங்கப்பா சொன்னது தப்பு. தாடையோட அச்சு ஒடஞ்சிருச்சு. இதுக்கப்புறம் காசே அடிக்கல."

மிஸ் யூலா பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். "எழுதட்டுமா கண்ணு? எழுதிட்டா அழிக்க மாட்டேன்."

"எழுதுங்க."

பேனா ஓடியது. நெல்டா ஹாய்ட்டைப் பார்க்காமல், அவர் கையை மட்டும் பார்த்தாள். அந்தக் கை தேநீர்க் கோப்பையைத் தூக்கி, குடிக்காமலே கீழே வைத்தது. திருடலாம், பொய் சொல்லலாம், செத்தவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் ஒரு விரிசலைப் பற்றிக் குறிப்பேட்டில் தப்பாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இவர்களில் ஒருவருக்கும் வராது. அதுதான் அவளுடைய ஒரே நம்பிக்கை. வெர்னன் பீச் பலகாரத்தைக் கிண்டி முதல் கரண்டியை அவள் தட்டில் போட்டார்.

"தப்பு," என்றார் ஹாய்ட்.

"என்னய்யா தப்பு?"

"எழுதினது தப்பு. அச்சு தாடையோட ஒடையல." படிப் பக்கம் திரும்பினார். "இருங்க, வரேன்."

அவர் கடை எதிர்ச்சாரியில்தான். அவர் படியிறங்குகிற சத்தம் ஓய்ந்தது. திரும்பி வராமல் போனால்? வாசலிலேயே புத்தி வந்து வண்டியெடுத்துக்கொண்டு போய்விட்டால்? அம்மாவும் அவளும் இருக்கிற டிரெய்லர் வீடு நிற்பது ஹாய்ட்டின் நிலத்தில். இந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததற்கே அவர் ஏதாவது செய்வார். பலகாரத்தை வாயில் வைத்தாள். மண் மாதிரி இருந்தது.

படியில் காலடி கேட்டது.

நான்கு திருகாணி போட்ட கனமான பிளாஸ்டிக் உறையைப் பச்சைத் துணியில் வைத்தார் ஹாய்ட். மிஸ் யூலா குனிந்தார். "ஆண்டவனே," என்றார். "கழுத்துல குறுக்கால போயிருக்கு. விளிம்பைத் தொடுது."

யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் கோய் சொன்ன வார்த்தை எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஹாய்ட் அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார்.

"நீங்க நினைக்கறது தெரியுது. சொல்லிடறேன். இது எங்கம்மாவோட காசு. பாவம் கோய், ஒரு நாள் கடையில இதைப் பாத்துட்டான். அந்த ஏக்கத்துல இது தன்னோடதுன்னே நம்பிட்டான். அதுக்கு முன்னால அம்மா சொல்லுக்காக, அதுக்கப்புறம் அவன் மானம் போக வேணாமேன்னுதான் இத்தனை வருஷம் வெளிய எடுக்கல."

"முறைப்படி சொல்லுங்க ஹாய்ட்," என்றார் மிஸ் யூலா. "யார் யார் கை?"

"எங்கம்மா. அப்புறம் நான்."

நெல்டா தேநீரை ஒரு வாய் குடித்தாள். "எங்கப்பா கைல குடுத்தீங்களா மிஸ்டர் ஹாய்ட்?"

"இல்ல பாப்பா. உறைக்கு வெளியேருந்துதான் பாத்தான். எங்கம்மா இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால முறுக்கின திருகாணி. அன்னையிலேர்ந்து இந்த உறைய யாரும் தொறந்ததில்ல. உங்கப்பன் ஒரு விரல்கூட வச்சதில்ல."

"ஒரு விரல்கூட?"

"பைபிள் மேல கை வைக்கட்டுமா?"

"வேணாம். கையெழுத்துப் போட்டாப் போதும்."

போட்டார். பெரிய எழுத்தில், வால் இழுத்து. மை காய்வதற்காக மிஸ் யூலா ஊதினார். நெல்டா அதுவரைக்கும் காத்திருந்தாள். காய்ந்ததும் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்தாள். மூடி சிக்கிக்கொண்டது. நகம் உடைந்தது. திறந்து, பஞ்சுக்கு நடுவில் இருந்த வெள்ளித்தாளை உறைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் பன்னெண்டு வயசுல எங்க வீட்டுல தேச்சு எடுத்தது. அந்த வெள்ளிக்கிழமை எங்கப்பா வாங்கிட்டு வந்த காசுல."

வெர்னன் எட்டிப்பார்த்தார். "கழுத்து..."

"அதே அச்சுல அடிச்சது பத்துக் காசுகூட இருக்கும்!" ஹாய்ட் சட்டென்று சொன்னார். "எல்லாத்துலயும் கழுத்து விரிசல் இருக்கும். இதுல என்ன இருக்கு?"

"விரிசல் அச்சோடது," என்றார் மிஸ் யூலா மெதுவாக. "அடிபட்ட தழும்பு காசோடது." உருப்பெருக்கியை உறைக்கும் தாளுக்கும் மாற்றி மாற்றி நகர்த்தினார். "மூக்குக்கு எதிர்ல ஒரு பள்ளம். இங்கயும் இருக்கு. விளிம்புல வெட்டு. இங்கயும். கன்னத்துல கீறல் மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு." நிமிர்ந்தார். "உறைக்கு மேல வச்சு வெள்ளித்தாளைத் தேச்சா பிளாஸ்டிக்தான ஹாய்ட் வரும்? இருபத்தேழு வருஷமாத் தொறக்காத உறைக்குள்ள இருக்கற காசு, கோய் வீட்டு வெள்ளித்தாளுக்கு எப்படி வந்துச்சு?"

ஹாய்ட் நெல்டாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, தட்டை எடுக்கிற மாதிரி குனிந்தார். அவர் மூச்சில் வெங்காய வாடை.

"திங்கட்கிழமை உங்கம்மா எங்க படுப்பான்னு யோசிச்சியா பாப்பா?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான்கு வருடம் அவள் வாயை மூடி வைத்ததும் ஒரு பயம்தான். அது இப்போதும் போகவில்லை, போகவே போகாது என்று தெரிந்தது. பயந்துகொண்டேதான் பேச வேண்டும்.

"மிஸ் யூலா," என்றாள். குரல் கிறீச்சென்று வந்தது. "திங்கட்கிழமை எங்கம்மா எங்க படுப்பான்னு என்னைக் கேக்கறாரு. இதையும் எழுதிக்குங்க."

வெர்னன் கோழிக்காலைத் தட்டில் போட்டார். "அப்படியா கேட்டீரு? கோய் பொண்டாட்டிய?" எழுந்து நின்றார். "எங்க கொட்டகைக்கு மேல ரெண்டு ரூம்பு காலியா கெடக்கு. நாளைக்கே வண்டி எடுத்துட்டு வரேன் புள்ளை."

அதன் பிறகு நெல்டா நினைத்தது போலக் கூச்சல் எதுவும் எழவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் சோளரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "ஹாய்ட் காசைத் திருப்பிக் குடுத்துரட்டும். இதோட விட்டுரலாம். அவருக்கும் அறுபத்தாறு வயசாச்சு. வெளிய தெரிஞ்சா நமக்கும் அசிங்கம்" என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. ஹாய்ட் தலையும் ஆடியது. உறையை அவள் பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்கோ. உன்னோடதுதான். போதுமில்ல?"

காசு அவள் முன்னால் இருந்தது. அப்பா வண்டியைக் கொடுத்து வாங்கிய காசு. எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடலாம். அந்த மனிதர் அவளைக் கெஞ்சுகிற கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கெஞ்சலைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளே ஏதோ இனித்தது. அந்த இனிப்புக்கு வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது, படவில்லை.

"போதாது," என்றாள். "காசு வரிசைல இருக்கு. வரிசைல வச்சவங்க எந்திரிச்சு நின்னு யார் யார் கைன்னு சொல்லணும். அதான முறை? தப்பாச் சொன்னாரு. சரியாச் சொல்லட்டும்."

"கண்ணு, நானே எழுதிடறேன்..." என்றார் மிஸ் யூலா.

"நீங்க எழுதினா அது உங்க வாக்கு. எங்கப்பாவைப் பாத்து எல்லார் முன்னாடியும்தான் சிரிச்சாங்க."

மிஸ் யூலா புதுப் பக்கத்தைத் திருப்பினார். "நில்லுங்க ஹாய்ட்."

அவர் நின்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. கடைசியில் சட்டைக் காலருக்குள்ளேயே சொல்கிற மாதிரி, "கோய் ஸ்ட்ரிக்லண்ட் கைலேருந்து... நான் எடுத்துக்கிட்டேன்" என்றார்.

நெல்டா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் அதன் கைகள் மேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கல மிஸ்டர் ஹாய்ட்," என்றாள். "எடுத்துக்கிட்டேன்னா? வாங்கிக்கிட்டதா, திருடினதா? சத்தமாச் சொல்லுங்க. மிஸ் யூலா எழுதணும்."